மூச்சை விட்டுக்கொண்டே மேலே வருவது

மருமகனின் காதுச் சவ்வில் சின்ன ஓட்டை இருப்பதை டாக்டர் கண்டுபிடித்த அன்று என் பயம் ஆரம்பித்தது.

அவரும் என் மகளும் கப்பலில் சுற்றுலா போய், அங்கே ஒரு தீவில் கடலுக்கடியில் முங்கப் பழகி, அதற்கான கார்டு வாங்குவதாக ஏற்பாடு. ஸ்கூபா என்கிறார்கள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குவது. ஓட்டைக் காதோடு கடலுக்குள் போகவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மகள் பின்வாங்கவில்லை. பேங்க் வேலையில் இதற்கென்றே லீவு சேர்த்து வைத்திருந்தாள்.

சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ராமநாதபுரம் கடற்கரைக்காரர். மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுத்துவிட்டு, மீதிக்குக் கப்பலில் தீவுக்குக் கூட்டிப்போவது அவர் வழக்கம். முதல் ஞாயிறு நான் மகளின் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு கூடப் போயிருந்தேன். மருமகன் வரமாட்டார் என்று கேட்டதும் மாஸ்டர் சொன்னார்.

"தண்ணிக்குள்ள ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும்மா. ஒருத்தருக்குக் காத்து தீந்துச்சுன்னா இன்னொருத்தரு தன்னோடதக் குடுத்து மேல கூட்டியாரணும். ஒங்க மகளுக்குக் கப்பல்ல யாரையாச்சும் சேத்து விட்டுருவோம்."

யாரையாச்சும். அந்தச் சொல் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. முன்பின் தெரியாத ஒருவர், தனக்கே மூச்சுத் திணறும்போது என் மகளுக்கு எதற்குக் காற்றுக் கொடுக்கப் போகிறார்? நான் ஆண்கள் முன்னால் நிமிர்ந்து பேசிப் பழகியவள் இல்லை. அன்று தரையைப் பார்த்துக்கொண்டே, "அவ கூட நான் போறேன் தம்பி" என்றேன்.

மகள் சிரித்துவிட்டாள். "பஸ்ல சில்லறை கேக்கவே கூச்சப்படுவ. நீ கடலுக்குள்ள வாரியா?"

"எனக்கு நீச்சல் தெரியும்ல."

அது உண்மைதான். சிறுவயதில் தோட்டத்துக் கிணற்றில் முங்கி, அடியிலிருந்து ஒரு பிடி களிமண்ணை அள்ளிக்கொண்டு வருவேன். மண்ணைக் காட்டினால்தான் தரையைத் தொட்டதாகக் கணக்கு. எங்கள் கூட்டத்தில் மூச்சுப் பிடிப்பதில் என்னை யாரும் மிஞ்சியதில்லை.

எனக்கு வயது அறுபத்தொன்று. டாக்டர் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தார். அவராவது வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் நம்பியிருந்தேன். தாராளமாகப் போகலாம் என்று எழுதிவிட்டார். மருமகனின் இடத்துக்கு என் பெயரை மாற்றினார்கள். வில்லாபுரத்திலிருந்து வந்த என் நாத்தனார் செய்தியைக் கேட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரப்பர் சட்டையெல்லாம் போடணுமாம்ல மதினி. மீனு பாத்துச் சிரிக்கப் போகுது."

மீன் சிரித்தால் பரவாயில்லை. மனுசர்கள் பார்ப்பார்களே என்றுதான் எனக்கு உடம்பு கூசியது. அந்தச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். மாஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. "தண்ணிக்குள்ள போற வரைக்கும் போட்டுக்கங்கம்மா. எறங்கையில கழட்டிருங்க, குழாய்ல மாட்டிக்கிரும்" என்று சொல்லிவிட்டு, நான் இறங்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மரியாதைக்காகவாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் நான் பெருமையாக நினைத்த, மூச்சைப் பிடிக்கும் பழக்கம்தான் எனக்கு எமனாக வந்தது. ஸ்கூபாவில் முதல் சட்டமே மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பது. ஆழத்தில் இழுத்த காற்று, மேலே வரவர நெஞ்சுக்குள் உப்புமாம். வெளியே விடாமல் வந்தால் நுரையீரல் கிழிந்துபோகும் என்றார் மாஸ்டர். ஒரு பலூனை ஊதி, ஊதி, என் கண் முன்னால் உடையவிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால்கூட நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

சட்டம் புரிந்தது. உடம்புக்குப் புரியவில்லை. முகம் தண்ணீருக்குள் போனதும் வாய் இறுகிக்கொள்ளும், நெஞ்சு பூட்டிக்கொள்ளும். காற்று திடீரென்று தீர்ந்தால் எப்படி மேலே வருவது என்று ஒரு பயிற்சி. "ஆ" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே, காற்றை விட்டுக்கொண்டே வரவேண்டும். குளத்தில் அதைப் படுக்கைவசத்தில் நீந்திப் பழக்கினார்கள். எனக்கு "ஆ" வரவில்லை. அத்தனை பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்து கத்த, தண்ணீருக்குள்ளேயும் கூச்சமாக இருந்தது.

"கெணத்த மறங்கம்மா" என்பார் மாஸ்டர்.

நாலாவது ஞாயிறு, தட்டுத் தடுமாறி ஒரே ஒரு தடவை சரியாகச் செய்தேன். பாடக் கேள்விகளை அவர் தமிழில் கேட்க, வாயாலேயே பதில் சொன்னேன். கிளம்பும்போது அவர் சிரிக்காமல் சொன்னார்.

"கடல்ல மேல வரும்போது மூச்சப் புடிச்சீங்கன்னா கார்டு தரமாட்டேன். ஒங்க மகளுக்கு வேற துணை பாத்துருவேன். கோவிச்சுக்காதீங்க."

கொச்சியில் கப்பல் ஏறினோம். கப்பலில் மகள் எல்லாவற்றையும் படமெடுத்துத் திரிந்தாள். நான் அறையில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டுப் பழகினேன். ஜன்னலில் தெரிந்த தண்ணீருக்குக் கரையே இல்லை. கிணற்றில் பயந்தால் படிக்கட்டுக் கல்லையாவது பிடிக்கலாம்.

தீவில் இரண்டு பகல், பகலுக்கு இரண்டு முங்கல். முதல் மூன்றிலும் மகளின் கை என் கையில் இருந்தது, ஒப்பேற்றிவிட்டேன். நாலாவதில்தான் அந்தப் பரீட்சை. ஆறு மீட்டர் ஆழத்தில், மாஸ்டரோடும் அவருடைய உதவிப் பையனோடும் மணலில் முட்டி போட்டு உட்கார்ந்தோம். மகள் எனக்குச் செய்து காட்டுகிற மாதிரி மாஸ்டரோடு மேலே போய்த் திரும்பி வந்தாள். அடுத்து என் முறை. மாஸ்டர் ஒரு கையால் படகிலிருந்து இறங்கிய கயிற்றையும் ஒரு கையால் என் சிலிண்டர் வாரையும் பிடித்துக்கொண்டார்.

மேலே பார்த்தேன். வெளிச்சம் வெகுதூரத்தில் ஆடியது. கால் மணலை விட்டதும் நெஞ்சு பூட்டிக்கொண்டது. மாஸ்டர் கயிற்றை இறுக்கிப் பிடித்து உடனே என்னை நிறுத்திவிட்டார். கண்ணாடிக்குள் அவர் கண் என் வாயையே பார்த்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. என்னை மறுபடி மணலில் உட்காரவைத்து, ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு தடவை. அவ்வளவுதான்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தோற்றால் அவள் யாருடனோ போவாள். "ஆ" சொல்லப் பார்த்தேன், வரவில்லை. என் வாழ்க்கையில் நான் வாய்விட்டுச் சத்தம் போட்டது ஒரே காரியத்துக்குத்தான். முளைப்பாரி எடுக்கும்போது குலவை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று, வாய்க்குக் குறுக்கே கை வைத்து, யார் போடுவது என்று தெரியாமல் போட்டுவிடலாம். நிறுத்தாமல் மூச்சை விட்டால்தான் குலவை. மூச்சைப் பிடித்தால் வராது.

குழாயைக் கடித்தபடியே நாக்கை மட்டும் ஆட்டினேன். முதலில் மெல்லமாக. பிறகு ஊரில் போடுவது போலவே. என் முகத்தைச் சுற்றிக் குமிழி பொங்கியது. மாஸ்டர் கயிற்றுப் பிடியைத் தளர்த்தினார். காற்று தீரப்போகிறது என்று பயந்துகொண்டே போட்டேன், தீரவில்லை. மேலே போகப்போக நெஞ்சில் தானாக ஊறி வந்துகொண்டே இருந்தது. தலை வெளியே வந்த பிறகும் நான் குலவையை நிறுத்தவில்லை.

மாஸ்டர் முகக்கண்ணாடியை இறக்கினார். "என்ன சத்தம்மா அது? திமிங்கலம்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "சாமிக்குப் போடுறது தம்பி."

"பாஸ்தான். வாங்க, மகளோட ஒரு சுத்துப் போய்ட்டு வந்துரலாம்."

மறுபடி இறங்கினோம். இந்தத் தடவை மகளுக்கு நான்தான் துணை. அவள் முன்னால் போக, ஒரு முழம் பக்கத்தில் நான் போனேன். பயம் போகவில்லை. முன்பு என் நெஞ்சைப் பற்றி இருந்த பயம் இப்போது அவள் நெஞ்சுக்கு மாறியிருந்தது. அவள் வாயிலிருந்து குமிழி கிளம்பும், அது மேலே ஏறும், அடுத்தது வரும்வரை நான் காத்திருப்பேன். வந்ததும் நான் ஒரு மூச்சு விடுவேன்.

படகில் ஏறியதும், வீட்டுக்காரரின் சட்டையை ரப்பர் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டேன். மகள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அந்த ஆமை எம்புட்டுப் பெருசு. நம்ம தலைக்கு மேலயே போச்சுல்ல?"

"ஆமையா?" என்றேன். "நான் பாக்கலயேத்தா."