ஒரு மணி நேரத் தாய்மாமன்

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, ஒரு புதன்கிழமை காலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், நான் என் தம்பிக்குத் தாய்மாமனாக இருந்தேன். வேட்டி கட்டி, தலையில் துண்டு சுற்றி, கண் மையால் மீசை வரைந்துகொண்டு முறைப்படி இருந்தேன். எங்கள் சொந்தத்தில் இப்படியொரு பதவி வேறெந்தப் பெண்ணுக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம் தட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது ஊரடங்கு வருடம். நாங்கள் தெலுங்கு நாட்டில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கொள்ளுத்தாத்தா குடியாத்தத்திலிருந்து வந்து சேர்ந்த அதே ஒர்க்ஷாப்பில்தான் அப்பாவும் ஃபிட்டர். வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரச் சொல்லியிருந்தார்கள். மீதி ஐந்து நாளும் அப்பா வீட்டில் இருந்தார். வீட்டில் இருக்கத் தெரியாத மனிதர் அவர். குழாய், கதவுத் தாழ்ப்பாள், என் சைக்கிள், பக்கத்து வீட்டு மிக்சி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும், அவர் அருகே வந்தால் கிரைண்டரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

மே மாதத்தில் தம்பிக்கு முதல் பிறந்தநாள். முதல் பிறந்தநாளுக்குக் குலதெய்வத்துக்கு முடி கொடுப்பது எங்கள் வழக்கம். பிள்ளையை அதன் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் கத்தரி படவேண்டும். அப்பா மடி உதவாது, சித்தப்பா மடி உதவாது. ஆனால் கோயில் பூட்டிக் கிடந்தது, ரயிலும் ஓடவில்லை. ஊரிலிருந்து போன் செய்த அத்தனை பேரும் மூன்றாம் வயதில் செய்துகொள்ளலாம் என்றார்கள். ஜோசியரே தோஷமில்லை என்று சொல்லிவிட்டார். அம்மா ஒருத்திதான் கேட்கவில்லை.

"மொட்டைய கோயில் தொறந்தப்புறம் அடிச்சுக்கலாம். பூ முடி மூணு கத்தரி, அத வீட்லயே எடுத்துடலாம். மாமன் மடி இருந்தா போதும்" என்றாள்.

"மாமன் மடிக்கு எங்க போறது? லோத்குண்டாவுலேர்ந்து பறந்து வருவானா?" என்றார் அப்பா.

அப்பா மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது இரண்டு வருடங்களில் அதுதான் முதல் தடவை. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. எங்களிடமிருந்து ஒரு பஸ் தூரத்தில், லோத்குண்டாவில் ஃபிளாட் வாங்கி கிரகப்பிரவேசம் வைத்தபோது, பத்திரிகையை எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினார். அக்கா வீட்டுக்கு நேரில் வந்து தட்டு வைத்து அழைப்பதாகத்தான் இருந்தாராம். ஆபீஸ் விடவில்லை. இங்கே அப்பா மூன்று ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது ஞாயிறு கிரகப்பிரவேசம். அப்பா போகவில்லை. அக்கா வீட்டுக்காரர் மிதிக்காத வீடாகிவிட்டதே என்று மாமாவுக்குக் கோபம். அதற்குப் பிறகு அவரும் எங்கள் வாசற்படி ஏறவில்லை. தம்பி பிறந்தபோதுகூட, அப்பா டியூட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வந்து, அம்மாவுக்குப் புடவையும் அப்பாவுக்குப் பட்டு வேட்டியும் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வேட்டி உறை பிரிக்காமல் பீரோவில் கிடந்தது. இரண்டு பேருமே நல்லவர்கள். வீராப்பு மட்டும் ஆளுக்கு ஒரு மூட்டை இருந்தது.

"பறக்க வேணாம். போன்ல வரட்டும்" என்றாள் அம்மா. "ஆனா நீங்கதான் கூப்புடணும்."

"நானா? நக்கோ, வேணாம்."

"நான் கூடப் பொறந்தவ. நான் கூப்ட்டா அது கூப்ட்டதாவாது."

அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எங்கள் வீட்டில் பழுதான பொருள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போனது அந்த இரண்டு நாளில்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் முகம் மழித்துக் குளித்து, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் நின்றார்.

"தட்டு எங்க?" என்றார்.

போனில் அழைத்தார்கள் என்பதற்காகக் கோபித்துக்கொண்ட மனிதர் போனில் அழைக்க வேண்டும் என்றால், அவர் அதை எப்படிச் செய்வார்? முறைப்படிதான் செய்வார். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், பாக்கு, நாலு வாழைப்பழம் எல்லாம் வைத்தாயிற்று. வெற்றிலை மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு என்னை அனுப்பி, வராந்தாத் தொட்டியிலிருந்த மணிபிளான்ட்டில் பெரிய இலையாக ஏழு பறித்து வரச் சொன்னாள். போனில் பார்த்தால் வெற்றிலைதான் என்றாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, காம்பெல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கினார்.

போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து நான் வீடியோ கால் போட்டேன். மாமா காதில் ஹெட்போன், மேலுக்கு ஒரு பழைய டீ ஷர்ட்டோடு வந்தார். எதிரே தட்டும் கையுமாக அப்பாவைப் பார்த்ததும் ஆளைக் காணோம். திரையில் காலி நாற்காலிதான் தெரிந்தது. அப்பாவின் முகம் சுருங்கிப்போய்விட்டது. தட்டைக் கீழே வைக்கலாமா என்று அவர் குனியும்போது, மாமா சட்டை மாற்றி, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு திரும்பி வந்து நின்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். எப்போதும் "டேய்" என்று கூப்பிடுகிற மாமாவை அன்று "நீங்க" என்றார்.

"மச்சான், பையனுக்கு முத முடி எடுக்கறோம். நீங்க வந்து..." என்று தொடங்கி, வர முடியாதே என்று அப்போதுதான் ஞாபகம் வந்து நின்றார். பிறகு, "போன்லயாவது வந்து, முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று முடித்து, தட்டை இரண்டு கையாலும் போனுக்கு நேரே நீட்டினார்.

அந்தப் பக்கம் மாமாவும் இரண்டு கையையும் நீட்டினார். நீட்டித் தலையைக் குனிந்தார். உச்சந்தலையில் விழத் தொடங்கியிருந்த வழுக்கை திரை முழுக்கத் தெரிந்தது. "சரிங்க மாமா" என்றார். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் அது இருமலாக மாறியது.

அடுத்து மடிப் பிரச்சினை. மாமாவின் முகம் போனில் வரும், மடி வருமா? மாமாவுக்குப் பதில் யாராவது உட்கார வேண்டும். அப்பா கத்தரி பிடிக்க வேண்டும். அம்மா ஆரத்தி எடுக்க வேண்டும். அந்த நாளில் பக்கத்து வீட்டிலிருந்து யாரையும் உள்ளே கூப்பிட முடியாது. மாமா திரையில் என்னைப் பார்த்தார். "பெரியவ மூக்கு அப்படியே என் மூக்கு. அவளே உக்காரட்டும்" என்றார்.

"ஹவ் மாமா! நேனே கூர்ச்சுண்டா!" என்று நான் துள்ளினேன். வீட்டில் தமிழில் கேட்டால் பாதி ஹிந்தியிலும் பாதி தெலுங்கிலும் பதில் சொல்லுகிற காலம் அது. ஆமாம் மாமா, நானே உட்காருகிறேன் என்று நான் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. யாரும் மறுப்பதற்கு முன்னால் கண் மை டப்பாவைத் தேடி ஓடிவிட்டேன்.

புதன்கிழமை வந்தது. பேக்கரி இல்லாததால் பிஸ்கட்டைப் பொடித்து அம்மா குக்கரில் கேக் செய்திருந்தாள். அது ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் எழும்பாமல் இருந்தது. அப்பா அதை மட்டம் பார்க்கும் ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்து, அடியில் அட்டை கொடுத்துச் சமன் செய்தார். பிறகு அம்மா பீரோவைத் திறந்து, மாமா கொடுத்த பட்டு வேட்டியை உறையோடு எடுத்து வந்தாள். மாமன் மடி என்றால் மாமன் வேட்டியாவது இருக்க வேண்டும் என்றாள். தனக்கு வேட்டி கட்டிவிடத் தெரியாது என்றும் சொன்னாள். அப்பா அந்த உறையைக் கையில் வாங்கினார். பிறகு தானே அதைக் கிழித்து, மடிப்பை உதறி, என் இடுப்பில் சுற்றி, நழுவாமல் இருக்கத் தன் பெல்ட்டையும் போட்டுவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். பதினொன்றே காலுக்கு நான் பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். தம்பி என் மடியில். அவனுக்கு என் மீசை பிடித்துவிட்டது, அதை நக்கப் பார்த்தான். போனில் மாமா பட்டுச் சட்டையில் ஜொலித்தார். அப்பா கத்தரியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து எடுத்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மாமா வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். நெட்வொர்க் போய்விட்டது.

திரும்பப் போட்டேன். வந்தார், போனார். மறுபடி போட்டேன், சுற்றிக்கொண்டே இருந்தது. மணி பதினொன்றரை. என் கால் மரத்துவிட்டது. முதல் கத்தரியை வைத்துவிடலாம், லைன் வந்ததும் மாமாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

"மாமன் கண்ணு பாக்காம நான் கத்தரி வெக்க மாட்டேன்" என்றார் அப்பா.

போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனார். வாசற்படியில் நின்று பார்த்தார், வேப்பமரத்தடிக்குப் போனார், கடைசியில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினார். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மச்சான்! மச்சான்! கேக்குதா?" என்று கத்தினார். வரிசை முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மாஸ்க் போட்ட தலைகள் தெரிந்தன. இரண்டு வருடம் பேசாத மனிதரை லாலாகுடா முழுக்கக் கேட்கும்படி அப்பா கூப்பிட்டார். என் அப்பாவைப்போல ஒருவர் அந்தக் குவார்ட்டர்ஸில் வேறு யாரும் இல்லை என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

"கிடைச்சுட்டான்! எல்லாம் இங்க கொண்டாங்க!" என்றார் அப்பா.

அப்புறம் நடந்தது ஊர்வலம்தான். அம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் நடந்தாள். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீசை பாதி அழிந்து, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்மாமன் நடந்தான். தொட்டியின் திட்டில் உட்கார்ந்தேன். மாமாவின் முகம் தெளிவாக இருந்தது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, உச்சியில் ஒன்று. மூன்றாவது கத்தரிக்கு மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. அந்த நேரத்தில்தான் தம்பி என் மடியை நனைத்தான். புது வேட்டி, பெல்ட், எல்லாம் போயிற்று. நான் அசையவில்லை. பதவி என்றால் பதவிதானே. எதிர் வாசலிலிருந்து யாரோ கை தட்டத் தொடங்க, வரிசை முழுக்கத் தட்டியது.

"மாமா, கோயில் தொறந்ததும் மொட்டை என் மடியிலதான்" என்றார் மாமா.

"பின்ன வேற யார் மடியிலடா?" என்றார் அப்பா. "டேய்" திரும்பிவிட்டது. அதன் பிறகு அந்தத் தொட்டி மேலேயே உட்கார்ந்து, மாமா வீட்டுக் குளியலறையில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று போன் வழியாகவே முக்கால் மணி நேரம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். வழி திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேனர் பையோடு அப்பா லோத்குண்டாவுக்குக் கிளம்பினார். யாரும் அழைக்கவில்லை.

இந்தக் கதையை நான் ஆன்லைன் வகுப்பில் சொன்னேன், மாடி வீட்டுக்காரர்களிடம் சொன்னேன், காய் வண்டிக்காரரிடம்கூடச் சொன்னேன். நான் மடி கொடுக்காவிட்டால் எதுவுமே நடந்திருக்காது என்பதுதான் என் கட்சி. இப்போது கல்லூரிக்குப் போகும் வயதில்தான் அம்மாவைப் பார்த்து மலைக்கிறேன். சாதாரண நாளில் மாமன் மடி வேண்டுமென்றால் யாராவது ஒருவர் முதலில் மற்றவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த இருவரில் ஒருவரும் நின்றிருக்க மாட்டார்கள். ஊரில் எல்லோரும் கதவு திறக்கட்டும் என்று காத்திருந்தபோது, அம்மா மட்டும் திறப்பதற்குள் காரியத்தை முடிக்கப் பார்த்தாள். எனக்கு அன்று அதெல்லாம் எட்டவே இல்லை.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அம்மா அடுக்களையில் தனியாகத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மீசையோடு போய் எதிரே உட்கார்ந்து, மாமாவுக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டேன். "லாக்டவுன் முடிஞ்சு செஞ்சிருந்தா மாமாவே வந்திருப்பார்ல?" என்று கேட்டேன்.

"வந்திருப்பாரா?" என்றாள் அம்மா.

அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் விளக்கினேன். "பஸ் விட்டா வருவாரேம்மா!"

அம்மா கையில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

"ஆமாண்டி" என்றாள். "பஸ்தான் இல்ல."