அதிக நம்பர் வந்தவர் பாத்திரம் கழுவ வேண்டும்

போன வருடம் வெயில் ஏறத் தொடங்கிய மாதம். ஒரு முற்பகலில் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டை விட்டுவிட்டு சிகந்தராபாத் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று. யாரோடும் சண்டை இல்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. ஓர் ஊரில் சில மாதம் இருந்தால் போதும், எனக்கு இருப்புக் கொள்ளாது. நாக்பூரில் ஆரஞ்சு லோடு ஏற்ற ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். கிளம்ப அது போதுமானதாக இருந்தது.

எட்டாவதோடு படிப்பை விட்டேன். போர்வெல் லாரியில் ஏறி திருச்செங்கோட்டை விட்டு வந்தவன், அதன்பிறகு எந்த ஊரிலும் ஒரு தீபாவளிக்கு மேல் இருந்ததில்லை. கடைசியில் அப்படி ஒரு லாரிதான் என்னை ஹைதராபாத்தில் இறக்கிவிட்டது. இங்கே மூட்டை தூக்குபவனை ஹமாலி என்பார்கள். மார்க்கெட்டில் ஹமாலியாகச் சேர்ந்தேன். தமிழ் ஆட்கள் தங்கியிருந்த ஓர் அறையில் எனக்கும் ஒரு பாய் கிடைத்தது.

பையில் இருந்த மெஷின் என்னுடையது அல்ல. தக்காளிப் பெட்டியின் ஆணி காலில் குத்தியதற்கு மார்க்கெட் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே பிரஷர் பார்த்தார்கள். வியாதி இல்லை, ஆனால் எல்லையில் நிற்கிறது என்றார் டாக்டரம்மா. அவரும் தமிழ்தான். அப்பா ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்ததால் போலாரத்தில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது பாதி தெலுங்கும் இந்தியும் வந்துவிடும்.

பிரஷரும் சர்க்கரையும் வருவதற்கு முன்பே தடுக்க முடியுமா என்று செல்போனில் ஓர் ஆப் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள், நீங்கள் சேர்கிறீர்களா என்று கேட்டார். மெஷினைக் கையில் கட்டி அழுத்தினால் எண் தானாகப் போனுக்குப் போகும். அங்கிருந்து கச்சிபௌலியில் உள்ள அவர்களுடைய ஆபீசுக்குப் போகும். உங்கள் கையில் மட்டும்தான் கட்ட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். நானும் தலையாட்டித்தான் வாங்கினேன்.

ஆனால் எங்கள் அறையில் சோப்பு ஒன்று, சீப்பு ஒன்று, சார்ஜர் ஒன்று. ஒருவன் செருப்பை இன்னொருவன் போட்டுக்கொண்டு போவான். அப்படிப்பட்ட இடத்தில் மெஷின் மட்டும் எனக்கு என்று எப்படி இருக்கும்? முதல் நாளே எல்லோரும் கையை நீட்டினார்கள். இரண்டாவது வாரத்தில் அது ஒரு பந்தயம் ஆகிவிட்டது. காலை மார்க்கெட் வேலை முடிந்து, குளித்து, சாப்பிடும் முன் வரிசையாகக் கட்டிப் பார்ப்போம். யாருக்கு அதிக நம்பர் வருகிறதோ அவர் சாப்பாட்டுக்குப் பின் எல்லாப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும்.

போனில் அந்த ஆப் இந்தியில் பேசும். "இன்று இன்னும் கொஞ்சம் நடக்க முயலுங்கள்" என்று அது சொல்லும்போது அறையே உருண்டு சிரிக்கும். விடியும் முன்பே மூட்டையோடு நடக்கத் தொடங்கியவர்கள் நாங்கள்.

பாரடைஸ் சந்திப்புப் பக்கம் வந்தபோது போன் அடித்தது. டாக்டரம்மா.

"எங்க இருக்கீங்க?"

"ரோட்டுலங்க. ஸ்டேஷனுக்குப் போயிட்டிருக்கேன்."

"நடக்கிறீங்களா? நக்கோ, வேணாம். நில்லுங்க அங்கயே. தலை வலிக்குதா? நெஞ்சு?"

"ஒண்ணுமில்லீங்களே."

"ஆட்டோ பிடிச்சு கிளினிக்குக்கு வாங்க. இப்பவே. ஓடி கீடி வராதீங்க."

எனக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் ஒரு டாக்டர் அப்படிச் சொன்னதும் கிடைத்த முதல் ஆட்டோவில் ஏறிவிட்டேன். நாக்பூர் எல்லாம் மறந்துபோயிற்று. வழியில், என் பிணத்தை ஊருக்கு யார் கொண்டுபோவார்கள் என்றெல்லாம் யோசித்தேன்.

கிளினிக்கில் வரிசையில் இருந்தவர்களை விட்டுவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். பேசாமல் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் முகம் தெளியவில்லை. தன் போனை என் பக்கம் திருப்பினார். அன்று காலை என் பெயரில் போயிருந்த ஓர் எண் இருநூறைத் தாண்டியிருந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் என்னுடைய நல்ல எண். முந்தின நாளும் அதேபோல. அதற்கு முந்தின நாளும்.

அப்போது கச்சிபௌலி ஆபீசிலிருந்து ஒரு பெண் அவரை அழைத்தாள். ஸ்பீக்கரில் கேட்டது. கட்டும்போது ஏதோ தவறு, மேடம், இந்த எண்களை நீக்கிவிடுகிறோம் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். டாக்டரம்மா ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த மெஷின் வேற யாராவது யூஸ் பண்றாங்களா?"

"எல்லாருந்தானுங்க," என்றேன். பந்தயத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்துவிட்டார்.

"யாரு கழுவுறாங்க பாத்திரம்?"

யோசிக்கத் தேவையே இல்லை. சில நாட்களாக ஒரே ஆள்தான். உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன். எங்கள் அறையிலேயே அதிகம் சிரிப்பவர், அதிக மூட்டை தூக்குபவர். "என் நம்பர்தான்டா பெருசு, நான்தான்டா பெரியாளு" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவார். அன்று காலை அவர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். கண் மங்கலாகத் தெரிகிறது, வெயில் அடித்துவிட்டது என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. நான் கிளம்பும்போது அவரும் கிளம்பிக்கொண்டிருந்தார். நிஜாமாபாத் போகும் வெங்காய லாரியில் மேலே ஏறிப்போய் அங்கே இறக்கிவிட்டு வர வேண்டும்.

"அவருக்குப் போன்?"

"ரிப்பேருங்க. கடையில கிடக்குது."

டாக்டரம்மா ஸ்பீக்கரில் இருந்த பெண்ணிடம் சொன்னார். "எண்ணை எடுத்துடுங்க, பரவாயில்ல. அது ஒரு மனுஷனோட கையிலிருந்து வந்திருக்கு. நான் அந்தக் கையைத் தேடிப் போறேன்." அந்தப் பெண் உடனே, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று சொல்லுங்கள் மேடம், நான் ஆம்புலன்சுக்குச் சொல்கிறேன் என்றாள்.

டாக்டரம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் பையோடு உட்கார்ந்து போனேன். வரிசையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மார்க்கெட் வாசலில் லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு வெங்காய லாரியாக மேலே பார்த்துக்கொண்டே ஓடினேன். மூன்று நான்கு வண்டி தள்ளி, ஒரு லாரி இன்ஜினைப் போட்டுவிட்டது. மூட்டைகளின் மேல் துண்டு கட்டிய தலை தெரிந்தது. டிரைவர் கதவைத் தட்டிக்கொண்டே கத்தினேன். லாரி நின்றது.

"என்னடா மாப்ள, ரயிலு பிடிக்கப் போறேன்ட்டு டாக்டரப் பிடிச்சிட்டு வந்திருக்க," என்றார் மேலிருந்து.

"இறங்குண்ணே."

"எனக்கென்ன கேடு? உனக்குத்தான் எல்லைல நிக்குதுன்னாங்க."

இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியாமல் இரண்டு முறை தடவினார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கீழே வந்தவரைத் தாங்கிப் பிடித்து ஒரு பெட்டியின் மேல் உட்காரவைத்தேன். டாக்டரம்மா என் பையில் இருந்த மெஷினையே வாங்கிக் கட்டினார். அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"மாட்லாடொத்து. பேசக் கூடாது," என்றார் டாக்டரம்மா.

எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு அது தெரியவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கும் நான்தானா பாத்திரம்?" என்று கேட்டார்.

லோடு அனுப்பும் மேஸ்திரி வந்து சத்தம் போட்டார். ஆள் வராவிட்டால் நாளை அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். மார்க்கெட்டில் அப்படித்தான். ஒருவர் நின்ற இடம் ஒருநாள் காலியாக இருந்தால் மறுநாள் அது அவருடையது இல்லை. அதைக் கேட்டதும் அண்ணன் மறுபடி லாரிப் பக்கம் திரும்பினார். டாக்டரம்மா அவர் மணிக்கட்டை விடவே இல்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக மருந்தை மெதுவாக ஏற்றினார்கள். பிரஷரைச் சட்டென்று இறக்கினால் அதுவும் ஆபத்தாம். வெளியே பெஞ்சில் டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த ஆராய்ச்சிக்காகப் பல டாக்டர்களைக் கேட்டார்களாம். நோயாளிகள் கூட்டத்தில் இதற்கு எங்கே நேரம் என்று நிறையப் பேர் மறுத்துவிட்டார்களாம். இவர் ஒரு நிபந்தனை போட்டுச் சேர்ந்திருக்கிறார். எண்களைச் சேர்த்துவைத்துக் கடைசியில் பார்ப்பது உங்கள் வேலை. என் ஆட்களுடைய எண் தினமும் என் போனுக்கும் வர வேண்டும், நான் பார்ப்பேன் என்று. ஊரில் இல்லாததால் சில நாளாகப் பார்க்கவில்லை, இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் அவர் தவறு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

என்னை அந்த ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் எண்களை நம்ப முடியாதல்லவா, அது நியாயம்தான். ஆனால் பல பேர் சேர்ந்து தங்கும் அறைகளுக்கு ஆளுக்கொரு பட்டன் உள்ள மெஷினைத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா அவர்களிடம் சொல்லி, பிறகு அப்படியே மாற்றினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் உள்ளிருந்து ஒரு டாக்டர் வந்து, ஆபத்து தாண்டிவிட்டது, மூளைக்கும் கிட்னிக்கும் ஒன்றும் ஆகவில்லை, கண்ணும் தெளிந்துவிடும் என்றார். லாரி மேல் வெயிலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எனக்குப் பசி அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போனால் அண்ணன் உப்பில்லாத கஞ்சியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டைக் கேட்டு என் உடம்பே லேசாகிவிட்டது.

"நீ ரயிலுக்குப் போகலியா?" என்றார்.

"போகலண்ணே."

"என் எடத்துக்கு ஆளு போட்ருவாய்ங்கடா."

மறுநாள் காலை, இருட்டு பிரியும் முன்பே போய் மேஸ்திரி முன்னால் அண்ணன் நிற்கும் இடத்தில் நின்றேன். இது அவர் இடம், அவர் வரும்வரை நான் தூக்குகிறேன் என்றேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதல் மூட்டையை என் முதுகில் ஏற்றினார். எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டுப் போகத் தோன்றாமல் நான் சேர்ந்த வேலை இன்றுவரை அது ஒன்றுதான்.