அண்ணி சொன்ன மீதிப் பாதி

நாடகத்தில் யாராவது அழத் தொடங்கினால் அண்ணி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு நிறுத்திவிடுவார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.

"பின்னாடி வயலின் வாசிச்சா யாரு அழுதாலும் நமக்குத் தொண்டை அடைக்கும். சத்தம் இல்லாம பாரு. அழறவ யாரு, மூக்கை மட்டும் உறிஞ்சறவ யாருன்னு தெரிஞ்சிடும்" என்பார்.

அண்ணி என் கணவரின் அக்கா. தன் கணவர் இறந்தபின் மகளோடு எங்களுடன் வந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. அவர் இயந்திரத்திலிருந்து ஈரத்துணியை இழுத்துப் போடுவார், நான் காய்ந்ததை மடிப்பேன். அங்கே அவருக்குத் 'தராசு' என்று பெயர். சாப்பாட்டு வேளையில் அவர் வாயைத் திறந்தால் மற்ற வாய்கள் மெல்லுவதை நிறுத்திவிடும்.

"ஹீரோ முப்பது பேரை அடிக்கிறான், சட்டையில ஒரு மடிப்பு கலையல. அந்தச் சட்டையைத் தேய்ச்சவன் யாருன்னு கேட்டுச் சொல்லுங்க, நம்ம கூடத்துக்கு ஆள் தேவைப்படுது."

"அந்த ஏழை வீட்டுப் படம் எப்படி தராசக்கா?"

"ஏழை வீடாம். கொடியில காயற துணி அத்தனையும் கடையிலிருந்து வந்த மடிப்போட இருக்கு."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அவர் மகளுக்கு நடிப்பில் பைத்தியம். ஒரு நாடகக் கம்பெனி நடிக்க ஆள் தேர்வு செய்வதாகக் கேள்விப்பட்டு, வீட்டுக் கூடத்தில் எங்களை உட்கார வைத்து அழுகைக் காட்சி ஒன்றை நடித்துக் காட்டினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் பார்த்தது அம்மாவை.

"எப்படிம்மா?"

"வாய் அழுது. கண்ணு யாரெல்லாம் பாக்கறாங்கன்னு பாக்குது. உனக்கு அழ வரலடி."

அண்ணி யாரைப் பற்றியும் சொல்வதைத்தான் சொன்னார்.

"உனக்கு நானும் ஒண்ணுதான், டிவியில வர்றவளும் ஒண்ணுதான், இல்ல?"

மறுநாள் காலையில் பையோடு போய்விட்டாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

வெகு காலம் கழித்து ஆஸ்பத்திரிக் கதை ஒன்றில் அவளைப் பார்த்தோம். டாக்டருக்குப் பின்னால் தட்டை ஏந்தி நிற்கும் நர்ஸ். அண்ணி எழுந்துபோய் திரையில் உள்ளங்கையை வைத்தார். அன்றிலிருந்து அந்த நாடகம் தொடங்கும்போது வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. ஒருநாள் நோயாளி இறக்க, அவள் அழும் காட்சி வந்தது. ரிமோட் அண்ணி கையில் இருந்தது. அழுத்தவில்லை.

அந்தச் சேனலில் ஞாயிறுதோறும் ஒரு நிகழ்ச்சி உண்டு. நேயர்கள் போனில் சொல்லும் கருத்துகளைப் பதிவு செய்து போடுவார்கள். "நடிக்கிறவங்க எல்லாரும் அதைப் பாப்பாங்க. அவளும் பாப்பா" என்று அண்ணி போனை எடுத்தார்.

"பொண்ணுன்னு சொல்லிடுங்க அண்ணி, கூட்டிட்டு வந்து நிறுத்துவாங்க" என்றேன்.

"அவ அங்க தன்னைப் பத்தி என்ன சொல்லி வெச்சிருக்காளோ. சலவைக்காரி மகள்னு நான் போய் சொல்லணுமா?"

"அப்போ நல்லா புகழ்ந்தாவது பேசுங்க."

"பொய்யை அவ ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவா."

நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் சொன்னது இதுதான்:

"அந்த நர்ஸ் பொண்ணுக்கு இன்னும் அழ வரல. ஆனா செத்தவர் மேல போர்வையை இழுத்துவிட்டா பாருங்க, அப்போ காலை மூடறதுக்கு முன்னாடி பாதத்தை ஒரு தடவை தொட்டா. அது சொல்லிக் குடுத்து வராது. சுலபத்துல அழாதவ நான், அதைப் பாத்து அழுதேன். அந்தப் பொண்ணு நேர்ல வந்து என்னைத் திட்டினாலும் சரி, வந்தா போதும்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்தோம். அண்ணியின் குரல் வந்தது. "அந்த நர்ஸ் பொண்ணுக்கு இன்னும் அழ வரல." உடனே டிவியில் கொல்லென்று ஒரு கூட்டச் சிரிப்பு. அடுத்த நேயர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இதைச் சொல்லத்தானாக்கா போன் பண்ணின?" என்றார் என் கணவர்.

"இல்லைங்க, மீதியை வெட்டிட்டாங்க" என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் சேனலுக்குப் போன் செய்தோம். மீதியையும் போடச் சொல்லிக் கெஞ்சியதை எடுத்த பெண் காதில் வாங்கவில்லை. "நேரம் கம்மிம்மா. ஆனா நீங்க பேசினது செம ஹிட். வாராவாரம் பேசறீங்களா?"

அடுத்த வாரம் நாடகத்தில் வேறு ஒருத்தி தட்டோடு நின்றாள். மகள் தானாக விலகினாளா, அனுப்பினார்களா, தெரியவில்லை. படப்பிடிப்பு நடக்கும் கட்டிடத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனோம். "போனவங்க விலாசமெல்லாம் தரமாட்டாங்கம்மா" என்று வாசல் காவலாளி திருப்பி அனுப்பினார். திரும்பும் வழியில் பஸ்ஸில் அண்ணி, "வாராவாரம் பேசறேன்னு சேனல்ல சொல்லிடு" என்றார்.

இப்போது வாரம் ஒருமுறை சாப்பாட்டு வேளையில் சேனலிலிருந்து கூப்பிடுகிறார்கள். துணி உலர்த்தும் அறைக்குள் போய், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுகிறார். அவர்கள் சிரிப்பதற்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, கடைசியில், "அந்தப் பழைய நர்ஸ் பொண்ணு திரும்ப வரணும், அவ செஞ்சது நிஜம்" என்கிறார். கடைசியை வெட்டுகிறார்கள். முதலில் வைத்துப் பார்த்தார், முதலை வெட்டினார்கள். நடுவில் செருகிப் பார்த்தார், அதையும் லாகவமாக எடுத்துவிட்டார்கள்.

கடையில் காய் வாங்கும்போது அண்ணியின் குரலை அடையாளம் கண்டு, "நீங்கதானே அது? யாரையும் விட்டுவைக்க மாட்டீங்களே" என்கிறார்கள். அவர் பையைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிறார்.

அந்த நாடகமும் முடிந்துவிட்டது. வேறு நாடகங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அண்ணியும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகளிடமிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை.