சாயத்தண்ணீர்த் துரு

கத்தி சேர்ப்பவன் என்றால் ஆள் துணிச்சல்காரன் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் சரியான பயந்தாங்கொள்ளி. பக்கத்தில் பட்டாசு வெடித்தால் இன்றைக்கும் தூக்கிவாரிப் போடும். கத்தி சேர்க்க ஆரம்பித்ததே பயத்தினால்தான்.

எங்களுக்குத் தெற்கே ஊர். குளத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற தகராறில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என் அண்ணனை என் கண் முன்னால் வெட்டினார். நான் கோர்ட்டில் சாட்சி சொன்னேன். அவர் ஜெயிலுக்குப் போனார். நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு ஓடிவந்தேன். நல்லூரில் லைன் வீடு, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. எல்லாம் நன்றாகவே போனது. ஆனால் அங்கிருந்து ஒருவன் என்றைக்காவது என்னைத் தேடி வருவான் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. பஸ்ஸில் யாராவது எங்கள் பக்கத்துப் பேச்சு பேசினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன்.

அவிநாசிபாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டில் கால் தேடிப் போன இடத்தில், குவியலுக்குள் ஒரு பழைய பிச்சுவா கிடந்தது. கையில் எடுத்தேன். இதைப் பிடித்தவனும் செத்துவிட்டான், இதற்குப் பயந்தவனும் செத்துவிட்டான் என்று தோன்றியது. அண்ணன் போன பிறகு கை நடுங்காமல் நான் தொட்ட முதல் கத்தி அது.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். எனக்கு முக்கியம் வயதுதான். நூறு வருஷமாவது ஆகியிருந்தால்தான் வீட்டுக்குள் விடுவேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துருவை எடுப்பேன். எலுமிச்சம்பழம் தேய்த்து இரும்பில் பழைய உருக்கின் வரி ஓடுகிறதா என்று பார்ப்பேன். கைப்பிடிக்குள் அரக்கு ஊற்றி இறுக்கியிருந்தால் பழசு. கொல்லர் குத்திய முத்திரை கிடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. கம்பெனியில் டீ நேரத்தில் இதையெல்லாம் பெருமையாக அளப்பேன். "ஊடு பூராக் கத்தியாங்க மாஸ்டர்?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். ஆமாம் என்று மீசையைத் தடவிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பிரிவில் புதிதாக ஒரு கட்டர் வந்து சேர்ந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். வாயைத் திறந்ததுமே எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. எந்த ஊர் என்று அவன்தான் முதலில் கேட்டான். நான் சொன்னதும் முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு என்னிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. துணி அடுக்கை நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்தால், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். மனைவியிடம் சொன்னேன். "ஒங்களுக்கு யாரப் பாத்தாலும் சந்தேகந்தான்" என்று திட்டினாள்.

அப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒரு நாள் இரும்புக் கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"வாங்க மாஸ்டர். உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கறனுங்க. ராஜா காலத்துதுங்க."

பித்தளைக் கைப்பிடி, நுனியில் மயில் தலை. அலகு முழுக்கப் பொருக்குப் பொருக்காகத் துரு. இந்தத் துரு ஏற நூற்றைம்பது வருஷமாவது வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பனியன் வேஸ்ட்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

துருவை எடுக்க எடுக்க எனக்குச் சந்தோஷம் குறைந்துகொண்டே வந்தது. எலுமிச்சைக்கு வரி ஓடவில்லை. கைப்பிடியைச் சூடு காட்டிக் கழற்றினால் உள்ளே அரக்கு இல்லை, ஹார்டுவேர் கடையில் விற்கிற பசை. பசையைச் சுரண்டியதும் போல்ட் மாட்டுகிற நீளத் துளை தெரிந்தது. துளைக்கு மேலே ஒரு முத்திரை இருந்தது. ஆணியால் கீறிய சின்னப் பிறை.

அந்தப் பிறையை நான் எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டியிருக்கவில்லை. அடுத்த டேபிள்காரன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று, மெஷினில் மாட்டுகிற ஒவ்வொரு பிளேடிலும் நானே கீறுகிற பிறை அது. தேய்ந்துபோய் நான் தூக்கிப் போட்ட கட்டிங் பிளேடு. தினமும் கையில் பிடிக்கிற இரும்பை எனக்கே அடையாளம் தெரியவில்லை. சாயப்பட்டறை உப்புத் தண்ணீரில் சில மாதம் கிடந்தால் இரும்பு நூறு வருஷத் துரு பிடிக்கும் என்பது நல்லூரில் குழந்தைக்கும் தெரியும். மயில் தலை என் கண்ணை மறைத்துவிட்டது.

எங்கள் பிரிவில் ஒருவன் பிளேடை எடுத்துக் கத்தி செய்திருக்கிறான். பிடித்த கை உயிரோடு இருக்கிறது. யாரைக் குத்துவதற்கோ, அந்த ஆளும் உயிரோடு இருக்கிறான். அது நான்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் டீ மணி அடித்து எல்லாரும் இறங்கிப் போனார்கள். எங்கள் பக்கத்துக் கட்டரை மட்டும் நிற்கச் சொன்னேன். கத்தியை மேசை மேல் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நாந்தான் செஞ்சேன், அண்ணாச்சி."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான்."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

"ஒங்க அண்ணன வெட்டுனது எங்க மாமா. நீங்க ஊரு பேரச் சொன்னதுமே எனக்கு உசுரு இல்ல. வீடு பூரா கத்தி சேத்து வச்சிருக்கியன்னு வேற நீங்களே சொன்னிய. எங்க ஆளுகளுக்காவத்தான் சேக்கியன்னு நெனச்சேன். பயந்துல்லா, பழைய குத்துவெளக்கு மயிலக் கைப்பிடியா மாட்டிச் செஞ்சேன். எம் பொண்டாட்டி பாத்துட்டு, சாயத்தண்ணி ஓடையில கொண்டு எறிஞ்சிட்டா. அத எவனோ பொறுக்கி இரும்புக் கடையில போட்டிருப்பான்."

"வேற கம்பெனிக்குப் போயிருக்கலாமே?"

"எங்க போனாலும் தேடி வருவியன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் நான் என் மனைவியிடம் சொல்லிப் புலம்பிய அதே வார்த்தை. என்னைப் பார்த்து ஒருவன் பயப்படுவான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அண்ணனை நினைத்துக்கொண்டேன். எதிரில் நிற்கிற இவன் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"ஒடைச்சிரலாம்" என்றேன். மேசை ஓரத்தில் முடுக்கியிருந்த இரும்பு இடுக்கியில் வைத்து உடைக்க யாராவது ஒருவர் அதை எடுத்தாக வேண்டும். நான் கைப்பிடியைத் தொட்டதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதைப் பார்க்க முடியவில்லை. அலகை நான் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை அவன் பக்கம் நீட்டினேன். அவன் வாங்கினான். இரண்டு பேர் கையும் ஒரே மாதிரி ஆடியது. இடுக்கியில் கொடுத்து ஒரே தட்டில் உடைத்துப் போட்டான்.

டீக்கடைக்குக் கிளம்பினோம். அவனை முன்னால் போகச் சொன்னேன். அவன் என்னை முன்னால் போகச் சொன்னான். முதுகைக் காட்ட இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. அந்தக் குறுகலான மாடிப்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒன்றாகவே இறங்கினோம்.