சோளக்கொல்லை நடுவே ஒரு கூர்முனை பங்களா

1978 ஆவணி. காலை 8.10-க்குப் பெரம்பலூரில் பஸ் ஏறினேன். வேப்பந்தட்டைக்குச் சற்று முன்னால், பன்னிரண்டாவது கிலோமீட்டர் கல்லருகே இறங்கவேண்டும். கட்டணம் அறுபது காசு. நின்றுகொண்டு போனாலும் அதே அறுபது காசு.

பார்க்க வந்தது, சோளக்கொல்லைகளுக்கு நடுவே வெள்ளைக்காரர் கட்டிய பயணியர் பங்களா. மாதா கோயிலில் இருப்பதுபோல் மேலே கூராகக் குவியும் ஜன்னல்கள். கோதிக் என்னும் இந்தப் பாணி இங்கிலாந்தில் வழக்கொழிந்து வெகுகாலத்துக்குப் பின், ஒரு பணக்காரப் பிரபு தன் வீட்டைப் பழங்கோட்டை போலக் கட்டிக்கொண்டார். கூரை வேலைப்பாட்டில் கல்லுக்குப் பதில் காகிதக் கூழ். அதிலேயே படுத்துக் கனவு கண்டு, பேய்க்கோட்டை நாவல்களில் முதலாவதையும் எழுதினார். கட்டடம் முதலில், பேய் அப்புறம். பாணி பரவி, பொறியாளர்களின் வரைபடப் பெட்டியில் ஏறி இந்தச் சோளக்கொல்லைவரை வந்துவிட்டது.

9.00. வாட்ச்மேன் மருதை குடும்பத்தோடு பின்கட்டில் இருக்கிறார். பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். கடைசியாக ஒருவர் தங்கி நாலே முக்கால் ஆண்டு. ஐந்தாண்டு எவரும் தங்காத கட்டடம் இடிப்புப் பட்டியலில் சேரும்; அத்தகைய பட்டியல்களைத் தயாரித்தே ஓய்வு பெற்றவன் நான். ஓவர்சியர் அளந்துவிட்டும் போயிருந்தார். இடித்தால் மருதைக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

ஏன் யாரும் வருவதில்லை என்றேன். மருதை உண்மையைச் சொன்னார். சாராயம் காய்ச்சுகிறவர்களை விரட்ட, செத்துப்போன வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி ஜன்னலில் நிற்கிறாள் என்று அவரே கதை கட்டிவிட்டாராம். காய்ச்சுகிறவர்கள் ஓடினார்கள். அதிகாரிகளும் ஓடினார்கள்.

"பொய்யின்னு நீங்களே சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா மறுநாளே பானையோட வந்துடுவானுங்க சார். வயசுப்புள்ள இருக்கற வூடு."

விதிப்படி, பகலில் தங்கினாலும் தங்கியதுதான். ஓய்வு பெற்றவனுக்கும் உரிமை உண்டு. நாலு மணிவரை தங்கினேன். பதிவேட்டில் எழுதினேன்: 'அறை சுத்தம். குடிநீர் நன்று. அஞ்சத்தக்கது கால் ஆடும் மூன்றாவது நாற்காலி மட்டும்.' நகலை ஒப்புகை அட்டையோடு ஆபீசுக்குத் தபாலில் அனுப்பச் சொன்னேன். இனி இன்னும் ஐந்தாண்டுக்கு யாரும் அளவு நாடாவோடு வரமாட்டார்கள்.

4.20. பங்களா வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தினேன். கண்டக்டர் சீட்டைக் கிழித்தபடி, "உள்ளாற இருந்தா வர்றீங்க? ஏதாச்சும் தென்பட்டுச்சுங்களா?" என்றார். பின்சீட்டில் பேச்சு நின்றது.

பதிவேட்டில் நான் பொய் எழுதியதில்லை. பஸ்ஸில் பதிவேடு கிடையாது. அதிகாரிகள் அதில் ஏறுவதும் இல்லை.

"ஜன்னல்ல நின்னுச்சு," என்றேன். "வெள்ளை கவுன்."