ஸ்பிரிங் பட்டையில் இரண்டு துளை

மூன்று வயதில் காய்ச்சல் கண்டு என் இடது கால் சூம்பிப் போனது. அதன் பிறகு அந்தக் கால் நின்றதெல்லாம் இரண்டு இரும்புப் பட்டைகளின் தயவில்தான். முழங்காலுக்குக் கீழே பக்கத்துக்கு ஒரு பட்டை. கணுக்கால் அருகே ஆணி போட்டு இரண்டையும் பூட்ஸோடு சேர்த்திருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சாந்தோமில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். நாளெல்லாம் நிற்கிற வேலை. பட்டைகள் அடிக்கடி வளைந்துவிடும்.

நிமிர்த்தித் தருகிறவர் மீர்சாகிப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். கூடவே அவர் தம்பியும் வேலை செய்தார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. ஆண்கள் எதிரில் காலை நீட்ட எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நான் சொல்லாமலே புரிந்துகொண்டு, முதல் நாளே என்னை வீட்டுக்குள் அனுப்பிவிட்டார். அளவெடுத்தது அவர் மனைவி. நூலைக் காலில் வைத்துப் பார்த்து, முடிச்சுப் போட்டுக் கணவரிடம் கொடுப்பாள். என்னை அக்கா என்பாள்.

"டீச்சரம்மா, இது சாதா இரும்பு. துளை போட சுளுவா கீது, ஆனா பாரம் தாங்க மாட்டேங்குது. லாரி ஸ்பிரிங் பட்டையில செஞ்சுப் பாப்போம்," என்றார் பாய் ஒரு நாள்.

ஆனால் ஸ்பிரிங் உருக்கில் துளை விழவில்லை. பட்டறையில் இருந்த துளை போடும் பிட் கிறீச்சிட்டு, நுனி நீலம் பாய்ந்து மழுங்கிப்போனது. அதனால் பட்டையைத் தணலில் இட்டு இளக்கி, துளை போட்டு, மறுபடி பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து உரமேற்றிக் கொடுத்தார்.

சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு காலை மேல்மாடி வகுப்புக்கு ஏறும்போது, துளை இருந்த இடத்தில் பட்டை படக்கென்று ஒடிந்தது. பிள்ளைகள் பார்க்க விழுந்தேன். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று மாலை தலைமை மதர் கூப்பிட்டார். "உனக்கு எதுக்கம்மா இந்தச் சிரமம்? கீழே சின்னப் பிள்ளைகள் வகுப்பை எடுத்துக்கொள்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மேல் வகுப்பில் நான் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அதில்தான் என் உயிரே இருந்தது.

"கொஞ்ச நாள் பொறுங்கள், மதர்," என்று அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, ரிக்‌ஷா பிடித்துப் பட்டறைக்குப் போனேன்.

ஒடிந்த துண்டைப் பாய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உரமேத்தினதுல பக்குவம் தப்பிடுச்சு. எங்கியாவது அடிபட்டுதாம்மா?"

"இல்லை பாய்," என்றேன். முழங்கை வீங்கியிருந்தது.

அவர் இழுப்பறையைத் திறந்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரண்டு பிட்டுகளை எடுத்தார். ஜெர்மனியிலிருந்து புதிதாக வந்தவை. நுனியில் மட்டும் அரிசி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ பற்றவைத்திருந்தது. "கார்பைடாம். உருக்கை இளக்காமலே துளைக்கும்ன்றாங்க."

"அது அச்சாபீஸ் வேலைக்கு வாங்கினது, அண்ணாத்தே," என்றார் தம்பி.

"தெரியும்."

புது ஸ்பிரிங் பட்டை ஒன்றில் முதல் பிட் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பொடிப்பொடியாகச் சீவல் வந்தது. தம்பி எண்ணெய்க் குப்பியை நீட்ட, பாய் தடுத்தார். "சூட்டுல ஊத்தாதே, பிட்டு நுனி விரிசல் வுட்டுடும்." அடிப்பக்கம் எட்டப்போகிற சமயத்தில் டிக் என்று ஒரு சத்தம். சாம்பல் நிற நுனி சில்லாகத் தெறித்துவிட்டது.

"வேண்டாம் பாய். நான் கீழ் வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் போய்விட்டால் உங்கள் வேலை கெட்டுவிடும்," என்றேன். வீட்டு வாசல் திரைக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அச்சாபீஸ் வேலையை நினைவுபடுத்திய அதே தம்பிதான் ஒடிந்த நுனியை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள போறப்போ ஒண்ணும் ஆவல. அடிப்பக்கமா வெளிய வர்றப்போதான் மாட்டிக்கிது. அடியில ஒரு சாதா இரும்ப வெச்சு, ரெண்டையும் ஒண்ணா இறுக்கிட்டா?"

பாய் தம்பியை ஏறிட்டுப் பார்த்தார். "அச்சாபீசு?"

"நான் பேசிக்கிறேன். நீ போடு."

சாதா இரும்பை அடியில் வைத்து அசையாமல் இறுக்கினார்கள். பிட் மாட்டுகிற மெஷின் தண்டு ஆட்டம் கண்டிருந்தது; அதையும் சரிசெய்தார்கள். பிறகு பாய் கைப்பிடியைப் பிடித்தார். அவர் நெற்றி வியர்வையைத் தம்பி துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். உருக்கைத் தாண்டி பிட் சாதா இரும்புக்குள் போனதும் சத்தம் மாறியது. "வந்துடுச்சு!" என்று தம்பி கத்தினார். இரண்டாவது பட்டையிலும் அப்படியே துளை விழுந்தது. பிட் முழுசாக வெளியே வந்தது.

பட்டையை மாட்டிக்கொண்டதும் பட்டறைக்குள்ளேயே நடந்து பார்க்கச் சொன்னார்கள். நடந்தேன். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகவே இல்லை.

மறுநாள் பள்ளியில் மாடி ஏறினேன். மதர் மேல்படியில் ஏதோ காரியமாக நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் ஏறி முடித்ததும், "உன் வகுப்பில் ஒரே இரைச்சல், போய்ப் பார்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பிறகு பட்டையைக் காலோடு கட்டுகிற தோல் வார்களைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. பட்டை வளையவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பூசைக்கு, ரிக்‌ஷாக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லஸ் கோயிலுக்கு நடந்தே போய்வந்தேன்.