துண்டு போர்த்திய டேபிள் ரோஸ்

வெயிலில் மட்டும் விரியும் பூச்செடிக்கு, வெயில் படக்கூடாது என்று துண்டு போர்த்திக் கொண்டுவந்த புத்திசாலி நான்தான். மகளின் மாமியார் ஆசையாகக் கேட்ட டேபிள் ரோஸ். திருச்செந்தூர் பஸ் டயர் பஞ்சராகி ஆத்தூரில் நிற்கிறது. டீக்கடை பெஞ்சில் தொட்டியை வைத்து, துண்டை விலக்கிப் பார்க்கிறேன். தூத்துக்குடியில் ஏறும்போது விரிந்திருந்த பூக்கள் எல்லாம் கூம்பிக் கிடக்கின்றன. சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவை போகிறேன். செத்த செடியையா நீட்டுவது?

கடைக்கார அம்மா எட்டிப் பார்க்கிறார்.

"என்ன அண்ணாச்சி, செடிக்குக் காய்ச்சலா? போத்திக் கொண்டாந்திருக்கிய!"

"வெயில்ல வாடிரும்னுதாம்மா..."

"நல்லா இருக்கே கதை! வெயில்ல வைங்க. பெஞ்சுல ஆளு உக்காரணும்லா."

அவரே தொட்டியைத் தூக்கி ரோட்டோரம் வைக்கிறார். ஆடு வந்து மேய்ந்துவிடுமோ என்று, மண்டை பிளக்கும் வெயிலில் நானும் பக்கத்தில் காவல் நிற்கிறேன். இரண்டாவது டீ ஆறுவதற்குள் ஒரு மஞ்சள் பூ மெல்ல விரிகிறது. அப்புறம் ரோஸ், ஆரஞ்சு, வெள்ளை. காசளவுப் பூக்கள்தான், ஆனால் கல்யாண வீட்டுக் குழந்தைகள் மாதிரி அத்தனை நிறம், அத்தனை கும்மாளம். எனக்கு இப்போதுதான் மூச்சே வருகிறது.

மத்தியானம் தொட்டியை வாங்கிக்கொண்ட சம்பந்தியம்மா சொன்னது:

"ஒரு கொப்பை ஒடிச்சுச் சட்டைப் பையில போட்டுட்டு வந்தா, நட்டா வந்துரும். எதுக்கு இம்புட்டு மண்ணைச் சுமந்துட்டு வாரிய?"